மூன்றாம் தொட்டியின் மூலை

மூன்றாம் தொட்டியில் மீன்கள் ஒரு மூலையைக் காலி செய்துவிட்டிருந்தன.

சாவித்ரி அதைக் கழக்கூட்டம் என்ற ஊரில் தன் அலுவலக மேசையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பாறசாலையில் சுவாமிதாஸின் பண்ணையில், சிமென்டுத் தொட்டிகளுக்கு மேல் மாட்டியிருந்த காமிராக்களின் படம் அவள் திரையில் ஓடியது. மற்றத் தொட்டிகளில் திலாப்பியாக்கள் வழக்கம்போல் தண்ணீரெங்கும் பரவி வட்டமடித்தன. மூன்றாம் தொட்டியில் மட்டும் அத்தனை மீனும் வடக்குச் சுவரோடு ஒட்டி, ஒன்றின் மேல் ஒன்று உரசிக்கொண்டு நின்றன. தெற்கு மூலை வெறும் தண்ணீராகக் கிடந்தது.

மீன்களைக் கவனிப்பதுதான் அவள் வேலை. விலங்கியல் படித்துவிட்டு, மீன்களின் நடத்தையில் ஆராய்ச்சி செய்து, இந்தச் சின்ன நிறுவனத்தில் சேர்ந்திருந்தாள். பண்ணையில் வளர்கிற மீன் நன்றாக இருக்கிறதா என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் எடையைச் சொல்வார்கள், அல்லது செத்து மிதந்தவை எத்தனை என்று சொல்வார்கள். சாவித்ரி செவுள் எவ்வளவு வேகமாக மூடித் திறக்கிறது என்று பார்ப்பாள். தீனி விழும்போது முந்துகிறதா, தயங்குகிறதா என்று பார்ப்பாள். துடுப்பு விரிந்திருக்கிறதா, உடம்போடு மடிந்திருக்கிறதா, தொட்டியில் எந்த இடத்தை விரும்புகிறது, எதை ஒதுக்குகிறது என்று பார்ப்பாள். இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் மீன் சுகமாக இருக்கிறதா, அவதிப்படுகிறதா என்று சொல்லிவிடலாம். இதில் அவளுக்குச் சந்தேகமே கிடையாது.

சுவாமிதாஸுக்குச் சந்தேகம் நிறைய இருந்தது. வாழையும் மரச்சீனியும் போட்டுக்கொண்டிருந்த மனிதர். மீனுக்கு மாறிச் சில வருடங்கள்தான் ஆகின்றன. அவரிடம் மீன் வாங்குகிற நட்சத்திர ஹோட்டல் ஒன்று, மீன்களை நல்லபடி வளர்க்கும் பண்ணைகளிலிருந்துதான் இனி வாங்குவோம் என்று சொன்னதால்தான் காமிரா வைக்கச் சம்மதித்தார்.

சாவித்ரி அவரைப் போனில் கூப்பிட்டாள்.

"மேடம், மீட்டரு எல்லாம் பச்சையாக்கும்" என்றார் அவர். சபையில் பாட்டுக் குழுவில் பாடுகிற கனத்த குரல். "ஆக்சிஜன் இருக்கு, அமோனியா இல்ல. பின்ன என்னத்துக்கு இந்தப் பயமும் வெப்ராளமும்?"

"அண்ணா, மீனெல்லாம் தெற்கு மூலையை விட்டு ஓடிப்போயிருக்கு. அங்கதானே பம்பு தண்ணியைச் சுத்திகரிச்சுக் கொட்டறது? நல்ல தண்ணி விழற இடத்துலதான் மீன் கூடணும். இது நேர் எதிரா இருக்கு."

"அதுகளுக்கு இஷ்டமுள்ள இடத்தில நிக்கட்டு. மேலில கொஞ்சம் புண்ணு கண்டுது. உப்புப் போட்டேன். மாறிப்போவும்."

"உப்பு எப்போ போட்டேள்?"

"முந்தாநாளு."

அவள் முந்தாநாள் படத்தைத் தேடி எடுத்தாள். உப்புப் போடுவதற்கு முன்பே மீன்கள் அந்த மூலையைத் தவிர்க்கத் தொடங்கியிருந்தன. உப்புக் கரைந்த பிறகு விலகல் இன்னும் பெரிதாகியிருந்தது. நெருக்கியடித்துக்கொண்டு சுவரில் உரசியதால்தான் புண். வியாதி என்று அவர் நினைத்தது விளைவுதான். காரணம் வேறெங்கோ இருந்தது.

"நான் நாளைக்கு நேர்ல வரேன்."

"நாளைக்கா? நாளைக்குக் காலத்தே மூணாம் தொட்டியில மீனு பிடிக்கணும். வண்டி சொல்லியாச்சு."

"நல்லதாப் போச்சு. பிடிக்கறதுக்கு முன்னாடி வந்துடறேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் விடிந்ததும் கரமனை வீட்டில் அவள் புறப்பட்டுக்கொண்டிருந்தபோது, அம்மா இட்லித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசல் வரை வந்தாள்.

"எங்கேடி இந்த விடியக்காலம்பற?"

"பாறசாலைக்கு. ஒரு தொட்டியில மீனுக்கு என்னமோ கஷ்டம்."

"நாம ஜன்மத்துல சமைக்காத வஸ்து. அதுக்கு என்ன கஷ்டம்னு நீ போய்ப் பாக்கணுமாக்கும்."

"சமைக்கறவாளுக்கு அதைப் பாக்க நேரம் இருக்கறதில்லைம்மா."

அம்மா சிரித்துவிட்டாள். சாவித்ரி நின்றபடியே இட்லியைத் தின்றுவிட்டு, பாலத்தருகே போய் நெய்யாற்றின்கரை வழியாகப் போகிற பஸ்ஸைப் பிடித்தாள்.

பண்ணையில் எல்லாம் தயாராக இருந்தது. மீன்களை உயிரோடு கொண்டுபோவதற்கான வண்டி, முதுகில் தண்ணீர்த் தொட்டியும் ஆக்சிஜன் சிலிண்டர்களுமாக, ரப்பர் மரங்களுக்கு அடியில் நின்றது. அதன் டிரைவர் அகில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். பண்ணையில் வேலை செய்கிற பிச்சைக்கனி இழுவலையை உதறி மடித்துக்கொண்டிருந்தான். திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்து, பிறகு இங்கே தங்கிவிட்டவன். நாற்பதைத் தாண்டிய, இடைவிடாமல் பேசுகிற ஆள். கால்சட்டையை மடித்துவிட்டு இறங்கத் தயாராக இருந்தான்.

"அண்ணே, கொஞ்சம் இருங்கோ. நான் பாத்து முடிக்கற வரைக்கும் யாரும் தண்ணில இறங்க வேண்டாம்" என்றாள் சாவித்ரி.

பிச்சைக்கனி சுவாமிதாஸைப் பார்த்தான். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பெட்டெந்நு பாத்துத் தாருங்க மேடம்."

அவள் தன் கருவியின் கம்பியை ஒரு நீளமான பிளாஸ்டிக் குழாயில் கட்டித் தெற்கு மூலையில் இறக்கினாள். மீன்கள் நெருங்கி நின்ற வடக்குப் பக்கத்தைவிட அங்கே ஆக்சிஜன் அதிகமாகவே இருந்தது. வெயில் மீன்களின் கண்ணைக் கூசவைக்கிறதோ என்று தென்னையோலை ஒன்றை மேலே பிடிக்கச் சொன்னாள். மீன்கள் நிழலுக்கு வரவில்லை. தீனியை ஒரு கை அள்ளித் தெற்கு மூலையில் போட்டாள். பசித்த மீன்கள் புறப்பட்டு வந்தன. தொட்டியின் நடுவைத் தாண்டிச் சற்றுத் தூரம் வந்ததும், கண்ணுக்குத் தெரியாத சுவரில் முட்டியதுபோல் வெடுக்கென்று திரும்பின. பின்னால் வந்தவையும் அதே இடத்தில் திரும்பின. தீனி மிதந்துகொண்டே கிடந்தது.

சுவாமிதாஸ் அருகில் வந்து நின்றார். "இது என்ன கூத்து?"

"அண்ணா, பம்பை மட்டும் கொஞ்சம் நிறுத்துங்கோ."

"நிறுத்தினா வெள்ளம் சுத்தமாவாதே."

"ரொம்ப நேரம் வேண்டாம். நிறுத்துங்கோ."

அவர் சுவிட்சை அணைத்தார். பம்பின் முனகல் அடங்கியது. சாவித்ரி தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. முதலில் ஒரு பெரிய மீன், பிறகு அதன் பின்னால் ஒரு கூட்டம், தயங்கித் தயங்கி அந்தக் கோட்டைத் தாண்டி மூலைக்குப் போயின. மிதந்த தீனி காணாமல் போகத் தொடங்கியது.

"இப்போ போடுங்கோ."

சுவிட்சு விழுந்த கணத்தில் தண்ணீர் கொதித்ததுபோல் இருந்தது. மூலையில் இருந்த மீன்கள் அத்தனையும் சிதறி, ஒன்றிரண்டு தண்ணீருக்கு மேலே துள்ளி, வடக்குச் சுவரில் போய் மோதின.

"ஆஃப் பண்ணுங்கோ. திரும்பப் போடவே வேண்டாம்" என்றாள் அவள். குரல் உயரவில்லை, ஆனால் சுவாமிதாஸ் உடனே அணைத்துவிட்டார். "அந்தப் பம்புலேர்ந்து தண்ணிக்குள்ள கரண்டு கசியறது."

தன் மடித்த கால்சட்டையைக் குனிந்து பார்த்த பிச்சைக்கனி தொட்டியை விட்டு இரண்டடி பின்னால் நகர்ந்தான்.

"அண்ணே, உங்களுக்கு இந்தத் தொட்டில ஏதாவது வித்தியாசமாத் தெரிஞ்சுதா?" என்று அவனிடம் கேட்டாள்.

"சொவத்தத் தேய்க்கும்போது கையில சுருக்கு சுருக்குனு இருந்துச்சு மேடம். உப்புப் போட்டிருக்குல்லா, வெரலு வெடிப்புல ஏறி எரியுதுன்னு நெனச்சேன். அதப் போயி என்னத்தச் சொல்ல?"

"வெளியிலேர்ந்து கையை மட்டும் விட்டதுக்கே அப்படி. உப்புத் தண்ணில கரண்டு இன்னும் சுலபமாப் போகும். இன்னிக்கு வலையை எடுத்துண்டு இடுப்பளவு தண்ணில இறங்கி, அந்த மூலைக்குப் போயிருந்தேள்னா..."

சுவாமிதாஸ் தலையாட்டினார். ஏற்றுக்கொள்ளாத தலையாட்டல். "மேடம், கறண்டு லீக்கானா ஈ.எல்.சி.பி. ட்ரிப் ஆயி லைன வெட்டிரும். எனக்க போர்டில ஈ.எல்.சி.பி. உண்டு."

"இருக்கு. வேலை செய்யறதா?"

அவர் வண்டியைப் பார்த்து, மறுபடி அவளைப் பார்த்தார்.

"மழைக்காலத்தில அது எப்பவும் ட்ரிப் ஆயிட்டே இருந்துது. ஒருக்கா வெளுப்பாங்காலத்து, எல்லாரும் ஒறங்கும்போ ட்ரிப் ஆயி, தொட்டிக்குக் காற்றூதுத மெஷினும் நின்னு, ஒண்ணாம் தொட்டியில மீனு முழுக்கச் செத்துது. வெள்ளத்துக்கு மேல வெள்ளையா கெடந்துது. பொறவு அதை ஒதுக்கி, வயர நேரே கொடுத்தேன். நான்தான் செய்தேன். வேற ஆருமில்ல."

அவர் சொன்னதில் சூது ஏதும் இல்லை என்று சாவித்ரிக்குத் தெரிந்தது. மின்சாரம் நின்றால் இவ்வளவு நெருக்கமாக வளர்கிற மீன்கள் மூச்சுத் திணறிவிடும். அந்தப் பயத்தில் ஒரு காவலைக் கழற்றி எறிந்திருக்கிறார்.

"செரி மேடம்" என்றார் அவர். "பம்பு ஆஃப். இப்ப பயமில்லையே. மீனப் பிடிச்சு விட்டுட்டு, உச்சைக்கு மேல எலெக்ட்ரீஷியன் ஷிஜுவ விளிச்சு எல்லாம் நன்னாக்கிடலாம்."

"இல்லைண்ணா. எல்லாத் தொட்டிக்கும் லைன் அந்தப் போர்டுலேர்ந்துதான் போறது. இன்னொரு வயர் எங்க போயிருக்குன்னு நமக்குத் தெரியாது. போர்டை முதல்ல சரி பண்ணணும். அது வரைக்கும் இங்க ஒருத்தரும் தண்ணியத் தொடப்படாது. மீனும் இன்னிக்குப் பிடிக்கற நிலைமைல இல்லை. இவ்வளவு நாளா அடிபட்ட மீனை வலைல இழுத்து வண்டில ஏத்தினா, ஊர் போய்ச் சேரறதுக்குள்ள பாதி திணறிடும்."

"போர்டில கை வைக்கணும்னா மெயின் ஆஃப் பண்ணணும். ஜெனரேட்டரும் அதே போர்டு வழியாக்கும். எல்லாத் தொட்டியிலயும் காற்று நிக்கும். பின்னயும் மீனு சாவும் மேடம். நான் அதை இன்னொருக்கா காண மாட்டேன்."

அவர் கண்கள் சிவந்திருந்தன. மீன்களைப் பற்றி இந்த மனிதருக்கு அக்கறை இல்லை என்று அலுவலகத்தில் யாரோ சொன்னதை அவள் நம்பியதில்லை. இப்போது அது பொய் என்று நேரிலேயே பார்த்தாள்.

"சாகாது. நான் பாத்துக்கறேன்" என்றாள். "நீங்க ஷிஜுவைக் கூப்பிடுங்கோ."

அவள் அதை யோசித்து முடித்துவிட்டுத்தான் சொன்னாள். ரப்பர் மரத்தடிக்குப் போய், வண்டியிலிருந்த அகிலிடம் மலையாளத்தில் பேசினாள். சிலிண்டர்களும், ஆக்சிஜனைக் குமிழாக்கும் காற்றுக்கல் கட்டிய நீளக் குழாய்களும் கொஞ்ச நேரத்துக்கு வேண்டும். முதலாளியிடம் கேட்க வேண்டும் என்று அவன் இழுத்தான். "கேளு. நான் பேசறேன்" என்று கையை நீட்டினாள். போனில் அவள் பேசியதை அகில் சற்று வியப்போடு கேட்டுக்கொண்டிருந்தான். வெறுமனே நடந்ததைத்தான் சொன்னாள், கெஞ்சவும் இல்லை, மிரட்டவும் இல்லை. பேச்சு முடிவதற்குள் அவன் குழாயைச் சுருள் பிரிக்கத் தொடங்கியிருந்தான்.

எலெக்ட்ரீஷியன் ஷிஜு பக்கத்துத் தெருக்காரன். பைக்கில் வந்து இறங்கினான். நேரடியாக இழுத்திருந்த வயரைப் பார்த்ததும் சுவாமிதாஸை ஒரு பார்வை பார்த்தான். மெயினை அணைத்தான். பண்ணையில் எப்போதும் கேட்டுக்கொண்டிருந்த இரைச்சல் திடீரென்று நின்றது. ரப்பர் இலைகள் உதிர்வது கேட்டது.

மின்சாரம் இல்லாத தொட்டியைத் தொடலாம் என்று ஷிஜு சொன்ன பிறகு, மூன்றாம் தொட்டியில் ஆக்சிஜன் குழாய்களை இறக்கினார்கள். அதுதான் மிக நெருக்கமானது. மற்றவற்றில் மேல்நிலைத் தொட்டியின் தண்ணீரை உயரத்திலிருந்து விழவிட்டார்கள்; விழுகிற தண்ணீர் காற்றை இழுத்துக்கொண்டு போகும். யாரும் தீனி போடக் கூடாது என்றாள். தின்ற மீனுக்குக் காற்று அதிகம் வேண்டும். பிச்சைக்கனி ஒரு தொட்டியிலிருந்து இன்னொன்றுக்கு ஓடி வால்வுகளைத் திருப்பினான். சாவித்ரி ஒவ்வொரு தொட்டியிலும் செவுள்களைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். இரண்டாம் தொட்டியில் சில மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்தன.

"இங்க இன்னும் வேகமா விடுங்கோ" என்றாள். வால்வு முழுதும் திறந்தது. கொஞ்ச நேரத்தில் அவை கீழே இறங்கின.

ஷிஜு பம்பைக் கயிற்றோடு மேலே இழுத்தான். அது உட்கார்ந்திருந்த இரும்புத் தாங்கியின் விளிம்பில் கேபிள் உரசி உரசி, கறுப்பு ரப்பர் கிழிந்து, உள்ளே செம்பு பச்சை பூத்துத் தெரிந்தது. அவன் அதைச் சுவாமிதாஸின் கண்ணெதிரே பிடித்துக் காட்டினான். பிறகு ஈ.எல்.சி.பி.யை அதன் இடத்தில் பொருத்தி, மெயினைப் போட்டு, வெளியில் வைத்த பக்கெட் தண்ணீரில் அந்தப் பம்பை இறக்கி இயக்கினான். டக்கென்று ஒரு சத்தம். எல்லாம் அணைந்தது.

"கண்டோ?" என்றான். அவ்வளவுதான்.

பம்பை ஒதுக்கிவிட்டு மறுபடி மெயினைப் போட்டபோது காற்றுக் குழாய்கள் எல்லாத் தொட்டியிலும் குமிழ் விடத் தொடங்கின. ஒரு மீனும் சாகவில்லை.

சுவாமிதாஸ் மூன்றாம் தொட்டியின் விளிம்பில் கையை ஊன்றிப் பார்த்துக்கொண்டு நின்றார். மீன்கள் பரவியிருந்தன. தெற்கு மூலையிலும் வட்டமடித்தன. சிலவற்றின் விலாவில் செதில் போய்ச் சிவந்திருந்தது இப்போது தெளிவாகத் தெரிந்தது.

"எத்தற நாளு இதுகளுக்கு இந்த அடி" என்றார். பிறகு திரும்பி, "ஏ பிச்சை, இங்க வா" என்றார்.

பிச்சைக்கனி வந்தான். அவர் அவன் தோளில் கையை வைத்தார். அப்படியே வைத்துக்கொண்டிருந்தார்.

"விடுங்க அண்ணாச்சி" என்றான் அவன். "எறங்கலைல்லா. இன்னா முழுசா நிக்கேன்." பிறகு வலையை எடுத்து மடிக்கத் தொடங்கினான். மடித்துக்கொண்டே சாவித்ரியிடம், "மீனு நம்மள எச்சரிச்சுருக்கு, என்ன மேடம்?" என்றான்.

"இல்லைண்ணே. அதுகளுக்கு வலிச்சுது, ஓடித்து. நம்மளைப் பத்தி அதுக்கு ஒண்ணும் தெரியாது. வலிக்கறதுன்னு நாம கண்டுபிடிச்சோம், அவ்வளவுதான்."

சுவாமிதாஸ் நிமிர்ந்தார். "ஒண்ணு கேக்கட்டா மேடம்? இவன் எறங்கப் போறான்னு நினைச்சா வந்திங்க?"

"மீன் பிடிக்கப் போறேள்னு தெரியும். இவர் தண்ணில இறங்கப் போறார்னு எனக்கு இங்க வந்தப்பறம்தான் தெரியும். நான் மீனுக்காகத்தான் வந்தேன்."

அவர் அதை மெல்ல அசைபோட்டார். "நல்ல காலம்" என்றார். "மீனுக்காக மட்டும் ஒருத்தி பஸ்ஸேறி வருவான்னு நான் நினைச்சதில்ல."

ஹோட்டலுக்கு அவரே போன் செய்து, மூன்றாம் தொட்டி மீன் இந்த மாதம் இல்லை என்றார். மறுமுனையில் ஏதோ கேட்டார்கள். "சொகமில்ல. அதுகளுக்குச் சொகமான பொறவு தாரேன்" என்றார். வேண்டுமானால் நான்காம் தொட்டியில் எடுத்துக்கொள்ளுங்கள் என்று அகிலின் வண்டியை அதற்குத் திருப்பிவிட்டார். அங்கே பம்பு, வயர் எல்லாவற்றையும் ஷிஜு சோதித்து, அந்தத் தொட்டிக்குப் போகும் லைனை மட்டும் அணைத்த பிறகுதான் பிச்சைக்கனி இறங்கினான். வலையை மெதுவாக இழுக்கச் சொல்லி, மீன்களை ஒரேயடியாகக் குவிக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளச் சொல்லி, சாவித்ரி கரையில் நின்றாள். ஈரத்துணி விரித்த கூடைகளில் அள்ளினார்கள். கீழே ஒன்றும் விழவில்லை.

அடுத்த வாரமே ஷிஜு ஒவ்வொரு தொட்டிக்கும் தனித்தனி ஈ.எல்.சி.பி. காவல் வைத்தான். ஒரு தொட்டியில் கசிந்தால் அது மட்டும் அணையும். சுவாமிதாஸின் போனும் பண்ணை மணியும் சேர்ந்து அடிக்கும். காற்றூதும் இயந்திரத்துக்கு ஜெனரேட்டரிலிருந்து தனி வழி. காவலும் காற்றும் ஒன்றையொன்று தின்னாமல் இரண்டும் இருக்க முடியும் என்று அவர் பார்த்த பிறகு, மழை வந்தபோது மணி அடித்ததற்கு அவர் கோபப்படவில்லை. குடையை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தார்.

மூன்றாம் தொட்டித் தண்ணீரைச் சிறிது சிறிதாக மாற்றி உப்பைக் குறைத்தார்கள். புண்கள் ஆறின. சாவித்ரியின் திரையில் அந்த மீன்கள் தீனி விழும் இடத்துக்கு முந்தியடித்து வரத் தொடங்கின. தான் கண்டதை அவள் மற்றப் பண்ணைகளின் படங்களிலும் தேடினாள். திருவல்லத்தில் ஒரு குளத்தில் மீன்கள் ஒரு பக்கத்தை ஒதுக்கியதைக் கண்டுபிடித்தாள். அங்கே காரணம் மீன் தின்னும் நீர்க்காகம் வந்து உட்கார்கிற ஒரு கிளை மட்டுமே. கிளையை வெட்டச் சொன்னாள்.

ஒருநாள் மத்தியானம் அவளுக்குத் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. வெள்ளறடையிலிருந்து ஒரு பெண், சரசம்மா என்று பெயர் சொன்னாள். சுவாமிதாஸ் நம்பர் தந்தாராம்.

"மோளே, எனக்க கொளத்தில வாளை வளக்கேன். சாவுதும் இல்ல, நோயும் இல்ல. ஆனா ஒரு ஆழ்ச்சயா, ஏழெட்டு நாளா அதுக்க ஓட்டம் எனக்குப் பிடிக்கல. சொன்னா ஆரும் கேக்க மாட்டேங்குதாவ. ஒண்ணு வந்து பாக்கியளா?"

சாவித்ரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"வரேன். முதல்ல எனக்குச் சொல்லுங்கோ, எப்படி ஓடறது? எதையும் விடாமச் சொல்லுங்கோ" என்றாள்.

சரசம்மா சொல்லத் தொடங்கினாள்.